குறைந்த விலைப் பெஞ்ச் கிரைண்டரும் உளியின் பதமும்

பெரியப்பா விட்டுச்சென்ற முக்கால் அங்குல உளி ஒன்று என்னிடம் இருக்கிறது. மலேசியாவின் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் தச்சராக இருந்த அவர், தொழிலாளர்களின் லயன் வீடுகளின் சன்னல் சட்டங்களுக்கு அந்த உளியால்தான் துளை எடுத்தார். சென்ற ஆண்டு அதன் முனை சற்றே உடைந்துபோக, இரவல் வாங்கிய ஒரு சிறிய கிரைண்டரில் அதைச் சாணை பிடித்தேன். விளிம்பில் முதலில் வைக்கோல் நிறம் படர்ந்தது, அது பழுப்பானது, நான் கையை இழுப்பதற்குள் மயில்கழுத்து நீலமாகி நின்றது. மறுநாள் செங்கால் என்னும் கடின மரத்தின் கட்டை ஒன்றில் நான்கு தட்டுத் தட்டியதும் விளிம்பு மடங்கிவிட்டது.

வைக்கோல் நிறம் ஏறும்போது எஃகு ஏறத்தாழ 220 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது. நீலம் ஏறும்போது அது 300 டிகிரியை நெருங்குகிறது. அந்த நீலம் சுருள்வில்லுக்கு வேண்டிய பதம், உளிக்கு ஆகாது. கருமான் துவைச்சலால் கொடுத்த கடினம் அந்த இடத்தில் போய்விட்டது என்பதே அதன் பொருள். பழைய உளிகளும் பெரும்பாலான இழைப்புளி அலகுகளும் கார்பன் எஃகால் ஆனவை என்பதால் இந்த ஆபத்து அவற்றுக்கு எப்போதும் உண்டு. கடைசல் உளிகளில் பயன்படும் ஹைஸ்பீட் எஃகு இந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்.

இதற்குப் பிறகுதான், 300 ரிங்கிட்டுக்குள், மேசையில் பொருத்தும் சாணை இயந்திரமான பெஞ்ச் கிரைண்டர் நல்லதாக ஒன்றைத் தேடத் தொடங்கினேன். சுவீடனின் டோர்மெக் போன்ற, நீரில் நனைந்தபடி நிமிடத்துக்கு 90 முறை மட்டுமே சுற்றும் இயந்திரங்களில் பதம் போக வழியே இல்லை. ஆனால் அவற்றின் விலை என் கைக்கு எட்டுவதன்று. எஞ்சியவை உலர்சாணை இயந்திரங்கள். அவற்றில் பாதி வேகத்தில் சுற்றும் எட்டு அங்குலச் சக்கர இயந்திரத்தைத்தான் தச்சு வேலைக்கு வாங்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் பலர் எழுதியிருப்பதைப் படித்தேன். அதை அப்படியே ஏற்பதற்கு முன்னால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகம் இந்த அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதால், அங்கே நிமிடத்துக்கு 3450 முறை சுற்றும் அதே வகை மோட்டார், பினாங்கில் 2850 முறைதான் சுற்றும். ஆகவே நம் ஊர்ச் சாதாரண ஆறு அங்குல இயந்திரத்தில் சக்கரத்தின் ஓரம் நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதுவே அமெரிக்காவில் 27 மீட்டர். முழு வேக எட்டு அங்குலச் சக்கரத்துக்கு நம் ஊரிலேயே 30 மீட்டர் வரும். பாதி வேக எட்டு அங்குலத்துக்கு 15 மீட்டர். மெதுவானதே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை குறைந்த ஆறு அங்குல இயந்திரம் இங்கே நாம் அஞ்சுகிற அளவுக்கு வேகமானதன்று.

சிறிய சக்கரம் உளியின் சரிவில் ஆழமான குழிவை உண்டாக்கும் என்பது மற்றொரு குறை. மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள இழைப்புளி அலகை 25 பாகைச் சரிவில் பிடித்தால், ஆறு அங்குலச் சக்கரம் எடுக்கும் குழிவு 0.08 மில்லிமீட்டர், எட்டு அங்குலம் எடுப்பது 0.06. இந்த வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லை. தடித்த துளையுளிகளுக்கு மட்டும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கும்.

உண்மையில் பதத்தைக் காப்பதும் கெடுப்பதும் சக்கரம்தான். மலிவான இயந்திரத்தோடு வரும் சாம்பல்நிறச் சக்கரம் பொதுவாக, தேய்க்கும் குருணைகளை இறுக்கிப் பிடிக்கும் கடினமான பிணைப்பு உடையது. அதன் குருணைகள் மழுங்கிய பிறகும் உதிராமல் ஒட்டிக்கொண்டு, எஃகை வெட்டுவதற்குப் பதிலாக உரசிச் சூடாக்குகின்றன. வெள்ளை அலுமினியம் ஆக்சைடு சக்கரத்தில் மழுங்கிய குருணை உடைந்து உதிர்ந்து, அடியில் உள்ள கூரான குருணைக்கு இடம் விடுகிறது. சக்கரத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை உற்றுப் பார்த்தால் டபிள்யூஏ 60 கே என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். முதலெழுத்துகள் வெள்ளை வகையைக் குறிக்கின்றன. எண் குருணையின் அளவைச் சொல்கிறது. கடைசி எழுத்து பிணைப்பின் கடினம், ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப் போகக் கடினம் கூடும். உளிக்கு 60 அல்லது 80ஆம் எண்ணும், எச் முதல் கே வரையுள்ள எழுத்தும் பொருத்தமானவை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பச்சைச் சக்கரம் கார்பைடு முனைகளுக்கானது. உளிக்கு அதை வாங்க வேண்டாம்.

சக்கரம் வாங்கும்போது துளையின் விட்டத்தைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் அது 12.7, 15.88, 20 மில்லிமீட்டர் என மாறும். சக்கரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வசிக்கும் அண்ணன் ஒருவர், நான் வாங்கி வந்த சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டினார். “மாட்டறதுக்கு முன்னால தட்டிப் பாருங்க தம்பி. நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும், கீறல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி பேசும்” என்றார். கீறல் விட்ட சக்கரம் ஓடும்போது சிதறினால் முகம் போய்விடும் என்பதால், இந்தச் சோதனையை ஒருவரும் தவிர்க்கக் கூடாது. இதே காரணத்தால், பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் உளியும் இழைப்புளியும் விரும்பி வாங்குகிற நான், பழைய சாணைச் சக்கரத்தை மட்டும் அங்கே தொடுவதில்லை.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, வாட் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உளி தீட்ட 250 வாட் போதும். அதிர்வுதான் முதன்மையான செய்தி. கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டு, மின்இணைப்பு கொடுக்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றி, அது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்தேன். தண்டைப் பிடித்து அசைத்துப் பேரிங்கில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு ஓடவிட்டு நிறுத்தி, அது எவ்வளவு நேரம் ஒலியின்றிச் சுழன்று அடங்குகிறது என்பதைக் கவனித்தேன். மூன்று இயந்திரங்களில் இரண்டு மேசையில் நகர்ந்துகொண்டே இருந்தன. மூன்றாவது எட்டு கிலோ எடையும் வார்ப்பிரும்பு அடியும் கொண்டது; அதை 190 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சக்கரத்துக்கு 45 ரிங்கிட், சக்கர முகத்தைச் சீராக்கும் வைர டிரெஸ்ஸருக்கு 30 ரிங்கிட் ஆயிற்று. டிரெஸ்ஸர் இல்லாமல் வெள்ளைச் சக்கரம் வாங்குவதில் பயனில்லை. வீட்டில் மாட்டும்போது இடப்பக்க நட்டு எதிர்த்திசையில் கழலும் என்பதை நினைவில் வைத்தால் மரை கெடாது.

இயந்திரத்தோடு வந்த தாங்கி மெல்லிய தகடு. விரல் அழுத்தத்துக்கே வளைந்தது. அதைக் கழற்றிவிட்டு, மெர்பாவ் மரத்துண்டொன்றை 25 பாகைச் சரிவு வரும்படி சீவி, மேசையில் திருகிவிட்டேன். சக்கரத்துக்கும் அதற்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. பொறி பறக்கும் இடம் என்பதால் மரத்தூளைப் பெருக்கிய பிறகே, கண்ணாடி அணிந்து, சுவிட்சைப் போடுகிறேன்; கையுறை சுழலும் தண்டில் சிக்கிவிடும் என்பதால் வெறுங்கைதான். அதனால் சூடும் விரலுக்கு உடனே தெரிகிறது.

டிரெஸ்ஸரால் சக்கரத்தின் முகத்தை நடுவில் சற்றே மேடாக விட்டுவைத்தால், உளி ஒரே நேரத்தில் சிறிதளவே சக்கரத்தைத் தொடும், சூடும் குறையும். உளியின் முதுகில் ஒரு துளி நீரை வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக இரண்டு முறை இழுப்பேன். துளி விளிம்பில் ஆவியாகத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுவேன். விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் முன்பே சாணையை நிறுத்தி, எஞ்சியதை எண்ணெய்க்கல்லில் 30 பாகையில் தீட்டுகிறேன்.

பெரியப்பாவின் உளியில் நீலம் ஏறிய பகுதி நான்கு மில்லிமீட்டர். அதை இந்த முறையில், இரண்டு மாலைப் பொழுதுகளில், நிறம் ஏறாமல் தேய்த்து எடுத்தேன். போன வாரம் அதே செங்கால் கட்டையில் அதே துளையைத் தொடர்ந்து எடுத்தேன். ஓர் அங்குல ஆழம் போன பிறகும் விளிம்பு மடங்கவில்லை.