ஏரி வண்டல் அனுமதி: ஆந்திர எல்லை ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

ஒருவழியாக ஏரியில் படிந்த வண்டல் மண் எங்கள் நிலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இ-சேவையில் விண்ணப்பம், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அறிக்கை, தாசில்தார் ஆணை என்ற வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2024-இல் அதிகாரம் தாசில்தாருக்கு வந்தபிறகு கலெக்டர் ஆபீஸ் அலைச்சல் இல்லை. மண் இலவசம், ஜேசிபி, டிராக்டர் வாடகை நம் தலையில்.

முதல் சிக்கல், எந்த ஏரி என்பது. திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் வயலில் நின்றாலே தெரியும் ஏரி ஆந்திராவில் இருக்கும், அதை மறந்துவிடுங்கள். நம் பக்கத்து ஏரியும் நிலம் இருக்கும் தாலுகாவுக்குள், மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்க வேண்டும். சித்தேரி, பெரிய ஏரி என்று ஊருக்கு ஒன்று உண்டு என்பதால், பெயரோடு சர்வே எண்ணையும் எழுதுங்கள்.

எங்களை இழுத்தடித்தது பட்டா. நில வகையும் உரிமையாளர் பெயரும் உள்ள சிட்டா இன்னும் தாத்தா பெயரில். தாலுகா ஆபீஸில் மூலப் பத்திரம் கேட்டார்கள். கொண்டுபோனால், "இது தெலுங்குல இருக்கே, தமிழ்ல இருந்தா கொண்டாங்க" என்றார் எழுத்தர். 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பக்கம் சித்தூர் மாவட்டம், பழைய பத்திரம் வேறெப்படி இருக்கும்? எல்லைத் தாலுகாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! மொழிபெயர்ப்பு, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. ஏரி காய்ந்து கிடப்பது கோடையில் மட்டும்தான். ஒரு மழை பிடித்தால் அனுமதி கையில் இருந்தும் வண்டி இறங்காது. பட்டா வேலையைத் தை மாதமே தொடங்கிவிடுங்கள்.

அளவு: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. புன்செய்யில் போர்வெல் போட்டு நெல் வைத்தாலும் சிட்டாவில் உள்ள வகைதான் கணக்கு. டிரைவர் யூனிட்டில் பேசுவார். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 90 கன மீட்டர் என்றால் சுமார் 32 யூனிட். கோபுரமாக ஏற்றினால் சோதனையில் அளவுத் தகராறு வரும். தொட்டி விளிம்போடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆணை நகல் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். குறுக்கு வழி என்று ஆந்திரா ஊர் வழியாக வண்டியை விடாதீர்கள். தமிழ்நாட்டு அனுமதி அங்கே செல்லாது. சுற்று வழி டீசல், வண்டி பிடிபடுவதைவிட மலிவு.

90 கன மீட்டரை ஒரு ஏக்கர் முழுதும் பரப்பினால் 2 செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் மணல் கண்ட, சரளை தெரியும் இடங்களுக்கு முதலில் கொட்டுங்கள். களிமண் நிலத்துக்கு வேண்டாம். எடுக்குமுன் ஏரியில் நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு பாருங்கள். கரையையும் மதகையும் ஒட்டித் தோண்டவே கூடாது. மேல் வண்டல் தீர்ந்து அடியில் சவுடு மண் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது வயலுக்கு ஆகாது.

வரப்பைக் கட்டிவிட்டே கொட்டுங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே மண் திரும்ப ஏரிக்குப் போய்விடும். ஈரக்கட்டியை அப்படியே விட்டால் செங்கல்லாகிவிடும். லேசாகக் காய்ந்ததும் உடைத்து, குறுக்கு உழவு ஓட்டிக் கலக்குங்கள். வண்டலோடு கோரைக் கிழங்கும் சீமைக்கருவேல விதையும் வரும். மழைக்கு முளைத்ததும் பிடுங்கிவிட்டுத்தான் விதைப்பு.