இடது பின் பாக்ஸ்

ஜனவரி 6, 2024, சனி

கிறிஸ்துமஸ் ஓட்டத்தின் கடைசி நாளில் சூடேறிய இடது பின் ஆக்சில் பாக்ஸை, அதாவது சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பெட்டியை, இன்றுதான் தொட்டோம். இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் நடத்தும் சின்னப் பாரம்பரிய ரயில்பாதை இது. நான்கு வருடமாகச் சனிக்கிழமை என்றால் எனக்கு ஷெட்தான்.

எங்களுடையது 4எஃப் வகை நீராவி இஞ்சின். இந்த வகையை மிட்லண்ட் ரயில்வே 1911-இல் முதன்முதலாகக் கட்டியது. பிறகு மிட்லண்டும் சேர்ந்து உருவான எல்.எம்.எஸ். ரயில் கம்பெனியும் தொடர்ந்து கட்டி, மொத்தம் 772 ஓடின. இன்று மிஞ்சியிருப்பவை நான்கே. ஆறு சக்கரம், டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) இல்லாமலே கிட்டத்தட்ட 49 டன். சுமைக்குப் போதாத ஆக்சில் பாக்ஸ் என்று அந்தக் காலத்திலேயே பெயர் வாங்கிய வகை. 1932-இல் எல்.எம்.எஸ்.ஸுக்குத் தலைமை இயந்திரப் பொறியாளராக வந்த ஸ்டேனியர் தன் புதிய இஞ்சின்களுக்குப் பெரிய பாக்ஸ் வைத்த பிறகுதான் அந்தக் கம்பெனியில் இந்தத் தலைவலி குறைந்தது. ஆகவே எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்: வடிவமைப்பே அப்படி, என்ன செய்வது?

ஜனவரி 13, சனி

சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடுகளைக் கழற்றினோம். ஸ்பிரிங்கையும், பாக்ஸுக்கு அடியில் குறுக்கே இருக்கும் ஹார்ன் ஸ்டேயையும் எடுத்துவிட்டு, இஞ்சினை ஜாக்கில் தூக்கி, பின் சக்கர ஜோடியை வெளியே உருட்டினோம். நாள் முழுக்க இதுவே.

பாக்ஸின் உட்புறம் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. பித்தளையின் மேல் பூசிய ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை இளகி, அச்சு சுழன்ற திசையில் இழுபட்டு, ஓரத்தில் வழிந்து உறைந்திருந்தது. பாக்ஸுக்குள் சுழலும் அச்சுப் பகுதியான ஜர்னல் தப்பித்தது. மைக்ரோமீட்டரில் ஆறு இடத்தில் அளந்தோம், வட்டம் கெடவில்லை. மெல்லிய கீறல்கள் மட்டும். எண்ணெயும் பொடி எமரித் துணியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான கீப்பைச் சாய்த்தபோது முதலில் எண்ணெய் வந்தது, அப்புறம் சாம்பல் நிறத்தில் தண்ணீர். துடைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

ஊருக்குப் பேசினேன். அப்பா பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். மீட்டர் கேஜ் ஒய்ஜி இஞ்சின்களோடு வாழ்ந்தவர். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “கீப்புல தண்ணி இருந்துச்சாடா?”

இருந்தது என்றேன்.

“அப்புறம் ஏன் டிசைனைத் திட்டுறீங்க? எண்ணெய் மேல மெதக்கும், தண்ணி அடியில நிக்கும். அச்சுக்கு எண்ணெய் பூசுற பேடோட திரி அடியிலதானே கெடக்கு? அது தண்ணியைத்தான் குடிக்கும்.”

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் சாம்பல் பறக்காமல் இருக்க, நெருப்புக்கு அடியில் சாம்பல் விழும் தட்டான ஆஷ்பேனில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறோம். அந்த ஆஷ்பேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பின் அச்சு. பாக்ஸின் மேல் மூடிகளில் ஒன்று சரியாக உட்காராது என்று போன வருடமே எனக்குத் தெரியும். நாங்கள்தான் ஊற்றியிருக்கிறோம்.

பிப்ரவரி 3, சனி

பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, பித்தளையைச் சுத்தம் செய்து, ஈயம் பூசினோம். இந்தப் பூச்சு பிடிக்காவிட்டால் மேலே எதை ஊற்றினாலும் ஒட்டாது. ஒயிட் மெட்டலில் பெரும்பங்கு வெள்ளீயம், கூடவே ஆன்டிமனியும் செம்பும். ஏறக்குறைய 240 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஊற்ற அதைவிட நிறையச் சூடு வேண்டும். வெப்பமானி இருந்தும் மூத்த ஃபிட்டர் உலர்ந்த பைன் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சி பழுப்பாகக் கருக வேண்டும், தீப்பற்றினால் சூடு அதிகம். ஒரே ஊற்று, நிறுத்தாமல்.

ஆறியதும் சுத்தியலால் மெல்லத் தட்டினோம், சந்தையில் பானை தட்டிப் பார்ப்பதுபோல. கணீர் என்றது.

பிப்ரவரி 10

பாக்ஸைக் கடைசல் பிடித்து முடித்தோம். வேறொன்றும் எழுத இல்லை.

பிப்ரவரி 17, 18

இரண்டு நாளும் ஸ்கிரேப்பர் வேலை. எனக்கு இதைவிடப் பிடித்த வேலை ஷெட்டில் கிடையாது. ஜர்னலில் நீல மசியை மிக மெல்லியதாகத் தடவி, செயின் பிளாக்கில் தொங்கும் பாக்ஸை அதன்மேல் இறக்கி, லேசாக ஆட்டித் தூக்க வேண்டும். நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி இறக்கு, மறுபடி தூக்கு. சனிக்கிழமை மதியம் நான்கைந்து புள்ளிதான். ஞாயிறு மாலைக்குள் உச்சிப் பகுதி முழுக்கப் பொட்டுப் பொட்டாக நீலம் பரவிவிட்டது.

இரண்டு ஓரங்களிலும் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக எடுத்தோம். அச்சு சுழலும்போது எண்ணெயை அந்த வழியாகத்தான் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கிவிட்டால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் அவ்வளவு எடையையும் தாங்குகிறது. அந்த இடத்தில் தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்பதை டிசம்பரில் பார்த்துவிட்டோம்.

மார்ச் 9, சனி

சக்கரம் உள்ளே போய்விட்டது. புதுப் பேடை முந்தின வாரமே எண்ணெயில் ஊறப் போட்டிருந்தேன். மூடிக்கு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வைத்து, ஆஷ்பேன் பக்கம் ஒரு தகரத் தடுப்பும் அடித்தோம். ஹோஸைப் பின் அச்சுப் பக்கம் திருப்பக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் நானே எழுதினேன்.

மார்ச் 16, சனி

பெட்டி எதுவும் இல்லாமல் இஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு மைலுக்கும் நிறுத்தி, இறங்கி, புறங்கையை வைத்துப் பார்த்தேன். முதல் நிறுத்தத்தில் வலதைவிட இடது சற்று வெதுவெதுப்பு. மூன்றாவதில் இரண்டும் ஒன்றுபோல. ஐந்தாவதில் கையை வைத்தபடியே அப்பாவுக்கு வீடியோ போட்டேன். “கையை எடுக்காத, பத்து எண்ணு” என்றார். எண்ணினேன்.

மார்ச் 17, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. இஞ்சின் வெளியேதான் நின்றது. காலையில் ஊசிக்குழாயைக் கீப்பின் அடிவரை விட்டு உறிஞ்சிப் பார்த்தேன். எண்ணெயோடு ஒரு தேக்கரண்டி தண்ணீர் வந்தது. ஃபெல்ட் போதவில்லை. அடுத்த சனிக்கிழமை மூடியையே புதிதாகச் செய்யப்போகிறோம்.