நேரு 5 ரூபாயில் பச்சைப் பிசுக்கு: எட்டில் ஆறு தேறியது

நேரு நினைவு நாணய வரிசை ஒருவழியாகப் பழைய பிளாஸ்டிக் (பிவிசி) ஆல்பத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. எட்டில் ஆறு சுத்தம். இரண்டு இன்னும் கண்ணாடிக் குவளையில், பிசுக்கைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தில் ஊறுகின்றன. அந்த இரண்டும் 1989 நூற்றாண்டு 5 ரூபாய்தான், வேறெதுவாக இருக்கும்?

1964 நாணயங்கள் மூன்றும் (1 ரூபாய் ஒன்று, 50 பைசாவில் ஆங்கில எழுத்து ஒன்று, இந்தி எழுத்து ஒன்று) முதல் குளியலிலேயே பளிச்சென்று வந்துவிட்டன. அவை சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். பச்சை நிறம் செம்பிலிருந்து வருவது. இவற்றில் செம்பே இல்லாததால் வெறும் எண்ணெய்ப் படலம்தான் இருந்தது. 1989 வரிசை அப்படியில்லை. 1 ரூபாயும் 5 ரூபாயும் செம்பு-நிக்கல் கலவை, முக்கால் பங்கு செம்பு. பிவிசி உறை நாளடைவில் கக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நேராகப் போய் அந்தச் செம்பைப் பிடிக்கிறது. அதிலும் 5 ரூபாய் 31 மி.மீ. அகலம், 12.5 கிராம் எடை. உறையோடு ஒட்டி அழுந்திக் கிடக்கும் பரப்பும் அதிகம்.

அசிட்டோன் ஆய்வகத் தரத்தில் இருக்க வேண்டும். நகச்சாயம் அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்; அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், காய்ந்தபின் புதுப் படலம் விழும். பாத்திரம் கண்ணாடி. மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினால் டம்ளரே கரைந்து நாணயத்தில் அப்பிக்கொள்ளும். குவளை மூன்று: முதலாவதில் ஒரு நாள் ஊறல், இரண்டாவதில் ஒரு மணி நேரம், மூன்றாவதில் சும்மா ஒரு முக்கு. மூன்றாவதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிட்டால், கரைந்த பிசுக்கு அசிட்டோன் ஆவியானதும் மெல்லிய வளையமாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்து இடுக்கில் நிற்பதை, நனைந்த பஞ்சுக்குச்சியை உருட்டி எடுக்க வேண்டும். தேய்த்தால் மயிரிழைக் கீறல் நிச்சயம். அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் கூடாது.

இத்தனையும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலை கெடுவது காயவைக்கும்போது. அசிட்டோன் படுவேகமாக ஆவியாகும். ஆகும்போது நாணயத்தின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசி மழை ஈரக்காற்றில் குளிர்ந்த நாணயத்தின் மேல் உடனே பனி பூக்கிறது. கண்ணுக்கு லேசான மங்கல்தான். அது காய்ந்தபின் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தடம். கனமான 5 ரூபாயைவிட, 5 கிராம் 50 பைசாவில் இது சட்டென்று தெரியும். முதலில் இதை அசிட்டோனில் கலப்படம் என்று நினைத்து ஒரு புட்டி வீணானது. ஆய்வகப் பொருள் கடைக்காரர் மேல் பழி போட்டது தப்பு.

கைகொடுத்தது எவர்சில்வர் தட்டு. வெயிலில் வைத்து, கை பொறுக்கும் சூடு ஏறியதும் நிழலுக்குக் கொண்டுவந்து, மேலே மெல்லிய காகிதத் துணி விரித்து, மூன்றாம் குவளையிலிருந்து எடுத்த கையோடு நாணயத்தை அதன் மேல் வைத்தால் பனி பூக்கவே இல்லை. ஏற்கெனவே தடம் விழுந்தவற்றைப் புது அசிட்டோனில் இன்னொருமுறை முக்கி இதே தட்டில் வைத்தால் போதும். ஈரத்தை அசிட்டோனே இழுத்துக்கொள்ளும். மழை நாளில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது இன்னும் உத்தமம்.

குவளையில் கிடக்கும் இரண்டுக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஒன்றில் ஆண்டுக்குக் கீழே பச்சைத் திட்டு. எந்த நாணயச் சாலையில் அச்சடித்தது என்று காட்டும் வைரக் குறி (பம்பாய்) உண்டா, நட்சத்திரம் (ஹைதராபாத்) உண்டா, ஒன்றுமே இல்லாத கல்கத்தாவா என்று பார்க்கவே முடியவில்லை. பச்சை இளகி வந்தாலும் அடியில் உலோகம் அரித்துக் குழி விழுந்திருந்தால் அசிட்டோனுக்கு அங்கே வேலை இல்லை. அதற்காகப் புளி, விபூதி என்று இறங்குவதில் அர்த்தமில்லை. புளி மினுக்கைத் தின்னும், விபூதி கீறும். சாய்த்துப் பார்த்தால் சக்கரம்போல் சுழலும் அந்த ஒளி ஒருதரம் போனால் போனதுதான்.

புது உறை வாங்கும்போது ஒரு சோதனை. தண்ணீரில் போட்டு மூழ்கினால் பிவிசி என்பார்கள். பிவிசி அல்லாத பாலியெஸ்டர் தாளான மைலாரும் மூழ்கும், ஆகவே அதை நம்ப முடியாது. செம்புக் கம்பியைச் சுடரில் பச்சை தெரியாத வரை பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, திரும்பச் சுடரில் காட்டினால் பிவிசிக்குச் சுடர் பச்சையாகும், மைலாருக்கு ஆகாது. திறந்த வெளியில், புகையை மூக்கில் ஏற்றாமல், அசிட்டோன் புட்டியை வீட்டுக்குள் மூடி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ‘பிவிசி இல்லாதது’ என்று அச்சிட்டு விற்ற உறையிலும் ஒருமுறை பச்சை எரிந்தது!

அட்டை ஹோல்டரில் 5 ரூபாய்க்கு 31 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான ஜன்னல் தேவை. 1964 ரூபாய் 28 மி.மீ., அதன் அட்டையில் இதைத் திணித்தால் விளிம்பு அட்டையில் உரசும். ஸ்டேப்ளர் முள்ளின் முனையைக் குறடால் தட்டையாக்காமல் அடுக்கினால் பக்கத்து ஹோல்டரின் மைலார் கிழியும்.

அடுத்தது 1969 காந்தி வரிசை. 50 பைசாவும் 1 ரூபாயும் நிக்கல், பிரச்சினை இல்லை. 20 பைசா அலுமினியம்-வெண்கலம், பெரும்பகுதி செம்பு. தேய்ந்த ஒன்றை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் வெயில் படாத மூலையில்.