'பால் இல்ல சிஸ்டர்': பிரசவ வார்டு நாட்குறிப்பு

2024 ஜூலை 29, திங்கள்

காலை டியூட்டி. நேற்று மாலை சிசேரியன் ஆன பெண், தலைப்பிரசவம். நான் கட்டில் பக்கம் போவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: "பால் இல்ல சிஸ்டர்." சொன்னது பெற்றவள் அல்ல, மாமியார். கையில் பாலாடை, குழந்தைக்குப் புகட்டும் மூக்குக் கிண்ணம். அதில் சர்க்கரைத் தண்ணீர். சேனை, அதாவது பிறந்த பிள்ளைக்கு முதல் இனிப்பு, நாக்கில் தொட்டு வைக்க வேண்டுமாம்.

வாதாடவில்லை. ஒரு ஸ்பூனைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கச் சொன்னேன். தோலைத் தேய்த்து இழுத்தால் வலிதான் மிச்சம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு சொட்டு காம்பின் நுனியில் வந்து நின்றது, விழவே இல்லை. அடுத்த சொட்டு வந்துதான் அதைத் தள்ளியது. ஸ்பூனின் அடி மறையும் அளவுக்குச் சீம்பால் சேர்ந்தது.

"இவ்ளோதானா?" என்றார் மாமியார். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே 5 முதல் 7 மில்லிதான், டீஸ்பூன் சொச்சம். நிறையப் பால் இறங்க இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். இதைச் சொல்லிவிட்டு ஸ்பூனை அவர் கையிலேயே கொடுத்தேன். "இதுதாம்மா சேனை, நீங்களே வைங்க." பேத்தி சப்புக்கொட்டினாள். சர்க்கரைத் தண்ணீர் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

அதே கட்டில். இன்றைக்குப் புகார்: "வாய வைக்கவே மாட்டேங்குது." பார்த்தால், குழந்தையின் உடம்பு கூரையைப் பார்க்கிறது, முகம் மட்டும் அம்மா பக்கம். அப்படிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நாம் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும்.

தையல் இருப்பதால் மடியில் போட முடியாது. தலையணை வைத்து, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கின மாதிரி, கால் முதுகுப் பக்கம் போகும்படி படுக்க வைத்தோம். மேலுதட்டில் காம்பு பட்டதும் வாயை லேசாகத் திறந்தாள். "இப்ப வேணாம், இரு" என்றேன். கொட்டாவி அளவுக்கு வாய் விரிந்த பிறகுதான் குழந்தையை மார்புக்குக் கொண்டு வந்தோம். முன்னால் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டு போனால் முதுகும் போகும், காம்பும் புண்ணாகும். தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடங்கி, கருவட்டம் மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் தெரிந்தால் சரி. நாலைந்து வேகச் சப்பல், அப்புறம் நிதானமாக ஒரு இழுப்பு, ஒரு முழுங்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாமியாரே, "ஷ்ஷ், குடிக்குது" என்று எல்லோரையும் அடக்கினார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தாய்ப்பால் வாரம் தொடங்கியது. கோலம், உறுதிமொழி, பேனர். உலக அளவில் இது 1992-இல் ஆரம்பித்தது. அதே ஆண்டில்தான் பால் பவுடர் விளம்பரத்துக்கும் இலவச சாம்பிளுக்கும் தடை போட்ட சட்டம் நம் நாட்டில் வந்தது. கூட்டம் முடிந்து வார்டுக்குத் திரும்பினால், ஒரு கட்டிலுக்கடியில் புது டின். வெளியே கடையில் கணவர் வாங்கியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்கப் பிள்ளை அழுதிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இல்லை. இவ்வளவு பெரிய வார்டுக்கு இரவில் எத்தனை பேர் இருப்போம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பேனர் காசுக்கு நாலு திரைச்சீலை வாங்கியிருக்கலாம். பார்வையாளர் நேரத்தில் பாதிப் பெண்கள் கூச்சத்திலேயே ஒரு வேளைப் பாலைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு, கூட்டம் குறைவு. உள்வாங்கிய காம்பு உள்ள ஒருத்திக்கு நிறைய நேரம் கிடைத்தது. 10 மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டி, வெட்டின பக்கம் வழியாகப் பிஸ்டனைச் செருகி, மழமழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுப்பது. அரை நிமிஷம், ஒரு நிமிஷம், வலித்தால் உடனே பிஸ்டனை உள்ளே தள்ளிவிட வேண்டும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் செய்தால் குழந்தைக்குப் பிடி கிடைக்கும். ஆனால் குழந்தை குடிப்பது காம்பில் மட்டும் இல்லை, கருவட்டத்தோடு சேர்த்துத்தான். இது புரிந்ததும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரவு டியூட்டி. வேறொருத்திக்குப் பால்கட்டு. இரண்டு மார்பும் கல்லாக இறுகி, லேசான காய்ச்சல், தொட்டால் அழுகிறாள். முந்தாநாள் வரை "பால் இல்லை" என்று சொல்லப்பட்டவள் இவள்! கருவட்டமும் இறுகியிருந்ததால் குழந்தையால் கவ்வ முடியவில்லை. முதலில் கருவட்டத்தைச் சுற்றி விரல்களால் மெல்ல அழுத்தி இளக்கி, கையாலேயே கொஞ்சம் பீச்சி எடுத்தோம். அப்புறம்தான் குழந்தை கவ்வியது. குடித்து முடித்ததும் குளிர்ந்த துணி.

பக்கத்துக் கட்டில் அத்தை, "மல்லிப்பூவ வச்சுக் கட்டு, சட்டுனு வடிஞ்சிரும்" என்றார். வடியும், அதில் சந்தேகமில்லை. பால் வற்ற வைப்பதற்காகத்தான் நம் ஊரில் மல்லிகை கட்டுவார்கள், அதை மருத்துவர்கள் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். "அது வேற கேஸுக்குங்க அத்தை, இவளுக்கு ஆகாது" என்று பூவைத் தலையில் வைத்துவிட்டேன். இரவு ஒரு வேளையையும் விடாதே என்றும் சொன்னேன். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

36 வாரத்தில் பிறந்த பையன், 2.1 கிலோ. மார்பில் வைத்ததும் தூங்கிவிடுகிறான். பசித்தால் அழுவான் என்று இவனை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரண்டு, மூன்று மணிக்கொரு முறை எழுப்ப வேண்டும். அம்மாவின் நெஞ்சோடு வெறும் தோலில் சாய்த்து, கொஞ்சம் சப்பவிட்டு, மீதியைப் பீச்சிப் பாலாடையில் கொடுத்தோம். மதியம் சர்க்கரை அளவு இறங்கியதால் டாக்டர் பவுடர் பாலும் எழுதினார். அம்மா தோற்றுப்போன மாதிரி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அது மருந்துதான். அதைக் கொடுக்கும்போது நாங்கள் முகம் சுளிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 10, சனி

பால்கட்டு வந்தவள் வீட்டிலிருந்து போன் செய்தாள். பால் சுறாப் புட்டு தினமும் சாப்பிடலாமா, பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"சாப்பிடு, உடம்புக்கு நல்லது. ஒண்ணுக்கு எத்தன தடவ போறான்?"

"நேத்து ஏழெட்டுத் துணி மாத்துனேங்க்கா. மோஷனும் மஞ்சளாயிருச்சு."

பிறந்தபோது 2.8 கிலோ, வீட்டுக்குப் போகும்போது 2.62, இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2.79. முதல் நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரை குறைந்தாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். இவன் சீக்கிரமே கிட்டத்தட்ட வந்துவிட்டான்.

"பால் போதுது. தண்ணி, கிரைப் வாட்டர் எதுவும் வேணாம், சரியா?"

"அத மாமாகிட்ட சொல்லுங்கக்கா, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்று போனைக் கைமாற்றினாள்.