ஞானப்பல் எடுக்கப் போகிறீர்களா? எக்ஸ்ரேயை முதலில் கையில் வாங்குங்கள்

பல் எடுத்த வலி ஆறிவிட்டது. ஒரு எக்ஸ்ரேக்காக அலையவிட்ட கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

கீழ்க் கடைவாயில் வலது பக்கம் ஞானப்பல் பாதிதான் முளைத்திருந்தது. மீதியை ஈறு மூடியிருக்க, இடுக்கில் சாப்பாடு சிக்கிச் சீழ் பிடித்துவிட்டது. தாடை இறுகி, இட்லியைக் கூட விண்டு விண்டு உள்ளே தள்ள வேண்டிய நிலை. மாத்திரையில் அடங்கி மறுபடியும் வந்ததால், எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் போன கிளினிக்கில் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அதாவது மொத்தப் பல்வரிசையும் தாடையும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே, எடுத்தார்கள். "நாலையும் எடுத்துடலாம், பேக்கேஜ்ல வரும்" என்றார் டாக்டர். மற்ற மூன்றும் நேராக முளைத்தவை, சொத்தை இல்லை, பிரஷ் எட்டுகிறது. எதற்கு எடுக்க வேண்டும் என்றால், "பின்னாடி தொந்தரவு வரும்" என்பதற்கு மேல் பதில் இல்லை. புதைந்திருக்கும் ஞானப்பல்லாகவே இருந்தாலும் நோய் இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000-லேயே சொல்லியிருக்கிறது.

வேறு டாக்டரிடம் காட்ட எக்ஸ்ரே கேட்டேன். "வெளியில தர மாட்டோம்" என்றார் ரிசப்ஷனில் இருந்தவர். அடுத்த முறை போனால் சிஸ்டம் வேலை செய்யவில்லையாம். பில்லில் ஓ.பி.ஜி.க்குத் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். அதைக் காட்டி, "தர முடியாதுன்னு எழுதிக் கொடுங்க" என்றேன். உடனே வாட்ஸ்அப்பில் வந்தது! ஆனால் மங்கல். விடாமல் நின்று இமெயிலிலும் வாங்கினேன். நீங்களும் அப்படியே வாங்குங்கள்.

அடுத்துப் பார்த்தவர் வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணர். எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிக் காட்டினார். சாய்ந்த ஞானப்பல் முட்டும் இடத்தில் பக்கத்துப் பல்லில் சொத்தை தொடங்கியிருந்தது. முதல் இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேர் நரம்பை ஒட்டி இருப்பதாகச் சந்தேகப்பட்டு 3டி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அந்த நரம்பு அடிபட்டால் கீழுதடு மரத்துப் போகலாம், சிலருக்கு அது நிலைத்தும் விடலாம். இதைக் கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மரப்பு ஊசி, வெட்டு, தையல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மற்ற மூன்று பற்களும் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் ஒன்று. எடுத்த குழியில் உறையும் ரத்தம் பெயர்ந்துவிடக் கூடாது. முதல் நாள் கொப்பளிக்கவோ அழுத்தித் துப்பவோ வேண்டாம். சில நாளைக்கு ஸ்ட்ராவும் சிகரெட்டும் கூடவே கூடாது. குறைந்துவந்த வலி மூன்று நான்கு நாள் கழித்துத் திடீரென்று ஏறி, காது வரை இழுத்தால் வலி மாத்திரையைப் போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள்.