தெருநாய்க்கு என்ன வெல டாக்டர்?

கால்நடை டாக்டரா ராமநாதபுரம் கடலோரத்துல வேல பாக்குறதால கோர்ட்டுக்கும் போக வேண்டியிருக்கு, ஆனா ஊசி போடுறதோட நம்ம சோலி முடிஞ்சிடும்னு நெனச்சுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

தொண்டிப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். கருவாடு காயப்போடுற எடத்துல நாய்ங்க வாய வைக்குதுன்னு யாரோ சோத்துல மருந்தக் கலந்து வச்சுட்டாக, ஒரே ராத்திரில நாலு நாய் காலி. போலீஸ் லெட்டர் இல்லாம நாங்க போஸ்ட்மார்ட்டம் பண்ணிக் கொடுத்தா அது கோர்ட்ல நிக்காது, அந்த லெட்டர் வர்றதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு, ரெண்ட ஏற்கெனவே மணல்ல பொதச்சிட்டாக. மிச்சத்த அறுத்துப் பாத்தா வயித்துல சோத்தோட குருணை குருணையா மருந்து, அப்படியே தெரியுது. வயிறு, ஈரல், கிட்னின்னு தனித்தனி பாட்டில்ல கெட்டியான உப்புத்தண்ணில போட்டு சீல் வச்சு அனுப்பணும். பழக்கதோஷத்துல யாராச்சும் உறுப்பு கெடாம இருக்க ஊத்துற பார்மலின ஊத்திட்டா லேப்ல வெஷத்தக் கண்டுபிடிக்குறது கஷ்டம். உப்புக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சமா!

அப்ப பிராணியக் கொன்னா பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 428தான். அதுல செத்த பிராணி பத்து ரூபாயாச்சும் பெறுமானமுள்ளதா இருக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் அதப் பிடிச்சுக்கிட்டாரு. "தெருநாய்க்கு என்ன வெல டாக்டர்? சந்தைல வித்துப் பாத்துருக்கீங்களா?" கோர்ட்ல சிரிப்பு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வெல போட்டு சர்டிபிகேட் கொடுத்துருக்கேன், நாய்க்கு யாரும் கேட்டதில்லன்னு உள்ளதச் சொன்னேன். மருந்து வச்சவரப் பாத்ததா ஸ்டேஷன்ல சொன்னவுக கூண்டுல ஏறுனதும் "நான் எதையும் பாக்கலய்யா"ன்னுட்டாக, என்ன செய்வாக, குப்பத்துல எல்லாரும் மாமன் மச்சான்தான, நாளைக்கு ஒரே வள்ளத்துல கடலுக்குப் போகணும். கேஸ் விடுதல.

எல்லாரும் அம்பது ரூபா அபராதத்தத்தான் திட்டுறாங்க. 1960 பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துல பிரிவு 11-ல, பிராணிய வதைச்சா மொதத் தடவைக்கு பத்துலேர்ந்து அம்பது ரூபாதான், கேலிக்கூத்துதான், மறுக்கல. ஆனா நான் பாத்தவரைக்கும் கேஸ் அந்த அம்பது ரூபா வரைக்கும் போறதே அபூர்வம். அந்தச் சட்டத்துலயே பிரிவு 36-னு ஒண்ணு இருக்கு, சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டாகணும், வெஷக் கேஸுன்னா லேப் ரிப்போர்ட் வரட்டும்னு காத்துருந்தே அது ஓடிடும்.

இதே கரையில கடல் அட்டையோட ஒருத்தர் பிடிபட்டா கதையே வேற. 2001-லேர்ந்து அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணை ஒண்ணுல இருக்கு, ஆவுளியாங்கற கடல்பசுவும் பேராமைங்கற கடலாமையும் அதுல உண்டு. தண்டன கொறஞ்சது மூணு வருசம், கூடுனா ஏழு. கையில சரக்கு இருந்தாலே அது முறைகேடா வந்ததுன்னு கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு அவருதான் நிரூபிக்கணும். பிடிச்சவுக பாரஸ்ட்காரங்க, அவங்கதான் முக்கிய சாட்சி, மாமன் மச்சான் தயவு எல்லாம் பெருசா வேண்டியதில்ல. பேராமைய உசுரோட மல்லாக்கப் போட்டு வச்சுருந்தத நானே பாத்துருக்கேன், அது துடுப்பு மாதிரிக் கால காத்துல அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஆனா கேஸ் அத வச்சுருந்ததுக்குத்தான், வேதனைக்கு எழுதல. என்னக் கேட்டா தொகைய ஏத்துறதுக்கு முன்னாடி யாரு எத நிரூபிக்கணும்ங்கறதுல கை வைக்கணும், அபராதத்த அஞ்சாயிரமாக்குனாலும் சாட்சி பல்டி அடிச்சா பைசா வராது.

2024 ஜூலைலேர்ந்து ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல பிரிவு 325, எந்தப் பிராணியக் கொன்னாலும் முடமாக்குனாலும் அஞ்சு வருசம் வரைக்கும் போகும், அந்த வெலப் பேச்சு போச்சு. அது நல்லதுதான். இப்பல்லாம் போன் பண்றவுகட்ட மொதல்ல சொல்றது, பொதைக்காதீங்க, நெழல்ல வைங்க, வீடியோ எடுங்க, ஸ்டேஷன்ல 325 போடச் சொல்லிக் கேளுங்க, எனக்கு லெட்டர் மத்தியானத்துக்குள்ள வரணும். சாட்சி சொல்ல யாரு வருவாகன்னும் கேக்குறேன். அதுக்கு மட்டும் "பாத்துச் சொல்றோம் சார்"னு வச்சுர்றாக.