ஒரே சொல்லில் நின்ற பாட்டு

எங்கள் ஆங்கில சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்து வட்ஸ்அப்பில் வந்தபோது ரொறன்ரோவில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்டார்கள். எனக்கு முதலில் நினைவில் வந்தது ஒரு பாட்டு.

1993, போர்க்கால யாழ்ப்பாணம். கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. ஐந்தாம் பாடம் ஆங்கில வாசிப்பு. எனக்குக் கொன்னை (திக்குவாய்) என்பது உங்களுக்குத் தெரியும். அன்று 'பிகோஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. பின்வாங்கில் தொடங்கிய சிரிப்பு முன்வாங்கு வரை வந்தது. சேர் யாரையும் ஏசவில்லை. "பின்னேரம் வீட்டுப் பக்கம் வாரும்" என்றார்.

முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தார். டைனமோவிலிருந்து வயர் ரேப் ரெக்கோடருக்குப் போனது. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் பாட்டு இழுபடும். அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் 1971இல் பாடிய 'எயின்ட் நோ சன்ஷைன்'. முன்னிசை கிடையாது, எடுத்த எடுப்பிலேயே குரல். அவள் போய்விட்டாள், வீட்டில் வெளிச்சமில்லை, கதை அவ்வளவுதான். நடுவில் வாத்தியங்கள் ஒதுங்கிவிடும். தாளத்தோடு 'ஐ நோ, ஐ நோ' என்று அதையே பாடிக்கொண்டு நிற்பார்.

"எண்ணும்" என்றார் சேர்.

26 தரம்.

"ஒரு சொல்லிலை நிண்டதாலை பாட்டுக் கெட்டுப்போச்சோ?"

அந்த இடத்துக்கு வேறு வரிகள் எழுதத்தான் விதர்ஸ் நினைத்திருந்தாராம். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ்தான் அப்படியே விடச் சொன்னார். அடுத்த வருடமே சிறுவன் மைக்கேல் ஜாக்சன் அதைப் பாடினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர். இரண்டே நிமிடப் பாட்டு. கிற்றார் பழகத் தொடங்கிய என் மகள் முதலில் பிடித்ததும் அதைத்தான். அவள் அந்த இடத்துக்கு வரும்போது என் வலது கை இன்னும் சுற்றப் பார்க்கும்.

2020இல் விதர்ஸ் இறந்தபோதுதான் வாசித்தேன்: அவருக்கும் கொன்னை, 28 வயது வரை. கடற்படையில் இருந்துவிட்டு, விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பாட வந்தவர். சேருக்கு இது தெரிந்திராது. சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அவரை நான் காணவேயில்லை. ஃபோன் இலக்கம் இருந்தது. ஆனால் ஃபோனில் எனக்கு இப்போதும் சொல் நின்றுவிடும்; சரி, கடிதமாக எழுதுவோம் என்று இருந்தேன்.

'சேர், அந்த மனுசனுக்கும் என்னைப் போலத்தானாம்' என்று தொடங்கிய அரைப் பக்கம் லாச்சிக்குள் கிடக்கிறது.